படிக்கும் நிரலும் ஓடும் நிரலும்

2024 மார்ச் மாதக் கடைசி வாரம். மைக்ரோசாஃப்டில் பணியாற்றும் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் தாம் செய்த மாற்றங்களால் எவ்வளவு வேகம் கூடுகிறது என்று அளந்துகொண்டிருந்தார். அளவு துல்லியமாக வர வேண்டுமென்றால் கணினி மற்றபடி அமைதியாக இருக்க வேண்டும். இருக்கவில்லை. வெளியிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் என்ற நிரல், தப்பான பெயரோடு வந்து தட்டியவர்களைத் திருப்பி அனுப்பும் சின்ன வேலைக்கே பிராசசரை அளவுக்கு மீறி எடுத்துக்கொண்டது. நேரம் பார்த்தார். முன்பு 0.299 நொடியில் முடிந்த வேலைக்கு இப்போது 0.807 நொடி ஆனது.

அந்த அரை நொடியை அவர் விடவில்லை. நூல் பிடித்துப் போனவர், எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளில் போய் நின்றார். லினக்ஸ் கணினிகளில் பெரும்பாலானவற்றில் இருக்கும், யாரும் பெயர் சொல்லாத சின்னக் கருவி அது. அதன் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் யாரோ கொல்லைக்கதவு வைத்திருந்தார்கள். ஒரு குறிப்பிட்ட ரகசியச் சாவியை வைத்திருப்பவர், கடவுச்சொல் எதுவும் இல்லாமலே அந்தக் கணினியில் தாம் விரும்பிய கட்டளையை ஓட்டலாம். மார்ச் 29 அன்று ஃபிராய்ண்ட் இதைப் பகிரங்கப்படுத்தினார். அப்போது அந்தப் பதிப்புகள் பெரும்பாலும் சோதனை நிலையிலிருந்த லினக்ஸ்களில்தான் நுழைந்திருந்தன. இன்னும் சில மாதங்கள் போயிருந்தால் உலகெங்கும் ஏராளமான சர்வர்களில் குடியேறியிருக்கும்.

எக்ஸ்இசட் ஒரு திறமூல மென்பொருள். அதன் நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். திறந்திருந்ததால்தான் பிடிபட்டது என்றார்கள் ஒரு சாரார். திறந்திருந்தும் உள்ளே நுழைந்துவிட்டார்களே என்றார்கள் இன்னொரு சாரார். நம் அந்தரங்க உரையாடல்களும் மருத்துவக் குறிப்புகளும் வங்கி விவரங்களும் மென்பொருளின் பொறுப்பில் கிடக்கும் காலத்தில் இது வெறும் பொறியாளர்களின் வாக்குவாதம் ஆகாது. என் பார்வையில் இரு தரப்புமே கேள்வியின் பாதியைத்தான் கேட்கிறார்கள். நிரலைப் படிக்க முடிகிறதா என்பது ஒரு பாதி. படித்த நிரல்தான் நம் கணினியில் ஓடுகிறதா என்பது மறுபாதி. கணினி அறிவியலின் வியப்பூட்டும் சிந்தனைகள் சில அந்த மறுபாதிக்குள் இருக்கின்றன.

எக்ஸ்இசட்டில் விஷம் எங்கே இருந்தது? பொதுவில் எல்லோரும் படிக்கும் நிரல் களஞ்சியத்தில், சோதனைக்கான கோப்புகள் என்ற பெயரில் இரண்டு சுருக்கக் கோப்புகளாக உட்கார்ந்திருந்தது. சுருக்கும் மென்பொருளைச் சோதிக்கக் கெட்டுப்போன கோப்புகள்கூடத் தேவைதான். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவற்றைப் பிரித்து, நிரலுக்குள் செருகும் வரிகள் மட்டும் களஞ்சியத்தில் இல்லை. லினக்ஸ் விநியோகத்தார் இறக்கிக்கொள்ளும் வெளியீட்டுப் பொதியில்தான் அவை சேர்க்கப்பட்டிருந்தன. களஞ்சியத்தை வரிவரியாகப் படித்தவருக்குக்கூடக் கதவைத் திறக்கும் அந்த வரிகள் தென்பட்டிருக்காது.

ஜியா டான் என்ற பெயரில் இதைச் செய்தவர் 2021 முதல் பொறுமையாக உழைத்தார். பிழைகளைத் திருத்தினார், நல்ல நிரல்களை அனுப்பினார். ஊதியமில்லாமல் அந்தக் கருவியைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வந்த ஒற்றை மனிதரிடம், வேலை மெதுவாக நடக்கிறது, பொறுப்பை வேறொருவருக்குக் கொடுங்கள் என்று வேறு சில பெயர்களில் அழுத்தம் வந்தது. பொறுப்பில் ஜியா டானுக்கும் பங்கு கிடைத்தது. ஜியா டான் யார் என்று இன்றுவரை வெளியே தெரியாது.

படிக்கும் நிரலுக்கும் ஓடும் நிரலுக்கும் இடையிலுள்ள இந்தப் பள்ளத்தை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் சுட்டிக்காட்டினார். யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கிய கென் தாம்சனுக்கும் டென்னிஸ் ரிட்சிக்கும் 1983ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது. தாம்சனின் ஏற்புரை 1984 ஆகஸ்டில் அச்சில் வந்தது. சில பக்கங்களே உள்ள அந்த உரை, படித்தவர்களின் தூக்கத்தைக் கெடுக்கக்கூடியது.

மனிதர்கள் எழுதும் நிரலைப் பிராசசர் நேரடியாகப் புரிந்துகொள்ளாது. கம்பைலர் என்ற மென்பொருள் அதைப் பிராசசருக்குரிய எண்களாக மாற்றித் தருகிறது. கம்பைலரும் ஒரு நிரல்தான். அதையும் யாரோ எழுதி, அதற்கு முந்தைய கம்பைலரைக் கொண்டு மாற்றியிருக்கிறார்கள். தாம்சன் இப்படி யோசித்தார். கம்பைலரில் ஒரு சூது வைக்கிறேன்: கணினிக்குள் நுழைய அனுமதிக்கும் லாகின் நிரலை மாற்றும்போது மட்டும், எனக்கு மட்டும் தெரிந்த ஒரு கடவுச்சொல்லையும் சத்தமில்லாமல் சேர்த்துவிட வேண்டும். லாகின் நிரலின் மூலத்தைப் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கம்பைலரின் மூலத்தைப் படிப்பவர் பிடித்துவிடுவார். அதற்கு இரண்டாவது சூது: கம்பைலர் தன்னுடைய மூலத்தையே மாற்ற நேரும்போது, இந்த இரண்டு சூதுகளையும் அதில் மறுபடி சேர்த்துவிட வேண்டும்.

இப்போது ஒரே ஒரு முறை கம்பைலரை உருவாக்குகிறார். பிறகு அதன் மூலநிரலிலிருந்து சூது வரிகளை அழித்துவிடுகிறார். மூலம் சுத்தம். ஆனால் அந்தச் சுத்தமான மூலத்தை மாற்றித் தரப்போவது ஏற்கனவே கெட்டுப்போன கம்பைலர். அது சூதை மீண்டும் உள்ளே வைக்கும். அடுத்த தலைமுறையும் அப்படியே. லாகினின் மூலத்தில் ஒன்றும் இல்லை, கம்பைலரின் மூலத்தில் ஒன்றும் இல்லை, கதவு மட்டும் திறந்தே கிடக்கிறது. முழுவதும் நீங்களே உருவாக்காத எந்த நிரலையும் நம்பிவிட முடியாது என்பது தாம்சன் வந்து சேர்ந்த இடம். இந்த எண்ணத்தின் விதை மல்டிக்ஸ் இயங்குதளத்தின் பாதுகாப்பை ஆராய்ந்த அமெரிக்க விமானப்படை அறிக்கை ஒன்றில் கிடைத்தது என்று அவர் நன்றியோடு குறிப்பிட்டார். பால் கார்கரும் ரோஜர் ஷெல்லும் 1974இல் எழுதிய அறிக்கை அது.

இதற்கு மாற்று இருக்கிறதா? ஏறக்குறைய இருபது ஆண்டுகள், இல்லை என்றே பலரும் நினைத்தார்கள். டேவிட் வீலர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2005இல் ஒரு வழியைக் கட்டுரையாக வெளியிட்டு, 2009இல் அதையே முனைவர் பட்ட ஆய்வாக விரித்தார். நம்மிடம் சந்தேகத்துக்குரிய ஒரு கம்பைலரும் அதன் மூலநிரலும் இருக்கின்றன. சம்பந்தமே இல்லாத வேறொருவர் எழுதிய வேற்றுக் கம்பைலர் ஒன்றைக் கொண்டுவருகிறோம். அதைக் கொண்டு அந்த மூலத்தை மாற்றுகிறோம். கிடைப்பது பைட் கணக்கில் சந்தேகக் கம்பைலரைப் போல இருக்காது. ஏனென்றால் மாற்றியவர் வேறு. ஆனால் மூலம் ஒன்றுதான் என்பதால் அது செய்யும் வேலை ஒன்றாகவே இருக்க வேண்டும். இப்போது அந்தப் புதிய கம்பைலரைக் கொண்டு அதே மூலத்தை இரண்டாம் முறை மாற்றுகிறோம். இம்முறை கிடைப்பது, சந்தேகக் கம்பைலரோடு கடைசி பிட் வரை ஒத்துப்போக வேண்டும். ஒரே ஒரு பிட் வேறுபட்டாலும் ஏதோ ஒளிந்திருக்கிறதா என்று துருவலாம். வேற்றுக் கம்பைலரும் நூற்றுக்கு நூறு யோக்கியமானதாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அதே சூது அதற்குள்ளும் இல்லாமல் இருந்தால் போதும். இரு நாடுகளில் இரு காலங்களில் எழுதப்பட்ட இரு கம்பைலர்களை ஒரே ஆள் ஒரே விதமாகக் கெடுத்திருப்பது மிகக் கடினம். ஒருவரையும் முழுதாக நம்பாமலே நம்பிக்கையைக் கட்டி எழுப்பும் இந்த உத்தி எனக்கு இன்றும் பிரமிப்பூட்டுகிறது.

இந்த ஒப்பீடு நடக்க ஒரு நிபந்தனை உண்டு. ஒரே மூலத்தை ஒரே கருவிகளால் யார், எங்கே, எப்போது மாற்றினாலும் ஒரே விளைவு வர வேண்டும். இயல்பாக அப்படி வருவதில்லை. உருவாக்கிய தேதியும் நேரமும் கோப்புக்குள் பதிந்துவிடும், கோப்புறையின் பெயர் ஏறிக்கொள்ளும், கோப்புகள் அடுக்கப்பட்ட வரிசை மாறும், நேர மண்டலம்கூடத் தலையை நீட்டும். டெபியன் லினக்ஸின் தன்னார்வலர்கள் 2013 முதல் இந்த வேறுபாடுகளை ஒவ்வொன்றாகத் தேடிக் களைந்து வருகிறார்கள். பல்லாயிரக்கணக்கான பொதிகளில் 90 சதவீதத்துக்கும் மேல் இன்று யார் உருவாக்கினாலும் ஒரே மாதிரி வருகின்றன. டோர் பிரவுசரும் 2013இலேயே இந்த வழிக்கு வந்தது. சிக்னல் என்ற செய்திச் செயலியின் ஆண்ட்ராய்டு வடிவத்தை 2016 முதல் எவரும் தம் கணினியில் உருவாக்கி, பிளே ஸ்டோரில் கிடைப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஐபோனில் இது எளிதல்ல. ஆப்பிள் தன் கடையில் செயலிகளைக் குறியாக்கம் செய்து விற்பதால் வெளியார் ஒப்பிடுவது பெரும்பாடு.

கீக்ஸ் என்ற திட்டத்தினர் இன்னும் ஆழமாகத் தோண்டினார்கள். கம்பைலரை உருவாக்க ஒரு கம்பைலர், அதை உருவாக்க இன்னொன்று என்று போனால் அடியில் என்ன இருக்க வேண்டும்? 2023இல் அவர்கள் தந்த விடை: 357 பைட் அளவுள்ள ஒரு நிரல். திருக்குறளின் முதல் குறளைக் கணினியில் யுடிஎஃப்-8 முறையில் தட்டினால் 120 பைட்டுக்குச் சற்று மேல் பிடிக்கும். அந்த அளவில் மூன்று குறள்கூட அடங்காத இடம் அது. எண்குறிகளை வாசித்து பைட்டுகளாக எழுதுவதைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. கணினி படித்த ஒருவர் கையில் தாளோடு உட்கார்ந்து பைட் பைட்டாகச் சரிபார்த்துவிடலாம். அதைக் கொண்டு அதைவிடச் சற்றுப் பெரிய கருவி, அதைக் கொண்டு இன்னும் பெரியது என்று ஏறி ஏறி ஜிசிசி என்ற முழு கம்பைலரும், பிறகு மற்ற மென்பொருள்கள் அனைத்தும் உருவாகின்றன. அடியிலிருக்கும் இயங்குதளக் கருவையும் பிராசசர் சில்லையும் இன்னும் நம்பித்தான் ஆக வேண்டும். இருந்தாலும் தாம்சனின் பூதம் ஒளிந்துகொள்ள இருந்த இடம் இவ்வளவு சுருங்கிவிட்டது.

இவற்றில் எதுவும் எக்ஸ்இசட்டைத் தானாகப் பிடித்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். எல்லோரும் விஷம் கலந்த அதே பொதியிலிருந்து உருவாக்கினால் எல்லோருக்கும் ஒரே விஷம்தான் வரும், ஒப்பீடும் பொருந்தும். களஞ்சியத்துக்கும் வெளியீட்டுப் பொதிக்கும் இடையிலும் அதே கண்டிப்பான ஒப்பீடு வேண்டும் என்பது அந்தச் சம்பவம் கற்பித்த பாடம். திறந்திருக்கும் நிரலை யாரும் படிக்காமல் விடுவது இன்னொரு ஆபத்து. இணையத்தின் குறியாக்கத்தைப் பெருமளவு தாங்கிய ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை 2012 மார்ச் முதல் 2014 ஏப்ரல் வரை எல்லோர் கண்ணெதிரிலும் இருந்தது. ஒவ்வொரு முறையும் சர்வரின் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை அந்நியர் உருவிக்கொள்ளலாம், அதில் கடவுச்சொற்களும் இருக்கலாம். உலகமே நம்பியிருந்த அந்த மென்பொருளுக்கு அப்போது முழுநேரமாக உழைத்தவர் ஒரே ஒருவர்.

மூடிய பக்கம் என்ன நடக்கிறது? ஒரு வழக்கைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். சுவிட்சர்லாந்தின் சூக் மாநிலத்தில் கிரிப்டோ ஏஜி என்ற நிறுவனம் இருந்தது. ரகசியச் செய்திகளைக் குறியாக்கம் செய்யும் இயந்திரங்களை 120க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு விற்றது. நடுநிலை நாட்டின் நிறுவனம் என்பதே அதன் பெரிய விளம்பரம். 1970இல் அமெரிக்காவின் சிஐஏவும் மேற்கு ஜெர்மனியின் உளவு அமைப்பான பிஎன்டியும் அதை ரகசியமாக விலைக்கு வாங்கின. விற்கப்பட்ட இயந்திரங்கள் பலவற்றின் உள்ளமைப்பு, அந்த இரு அமைப்புகளும் படித்துக்கொள்ள வசதியாக வேண்டுமென்றே பலவீனமாக்கப்பட்டிருந்தது. வாடிக்கையாளர்களில் ஈரான் உண்டு, வாடிகன் உண்டு, இந்தியாவும் பாகிஸ்தானும் உண்டு. நிறுவனத்தின் விற்பனையாளர் ஹான்ஸ் பூலர் 1992இல் ஈரானில் கைதாகி ஒன்பது மாதங்கள் சிறையில் கிடந்தார். 10 லட்சம் டாலர் கொடுத்து மீட்டார்கள். தாம் விற்ற பொருளுக்குள் என்ன இருந்தது என்பது அவருக்கே தெரியாது. ஜெர்மனி 1993இல் விலகியது, சிஐஏ 2018 வரை நடத்தியது. 2020 பிப்ரவரியில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழும் ஜெர்மன், சுவிஸ் தொலைக்காட்சிகளும் வெளியிட்ட பிறகுதான் முழுக் கதையும் உலகுக்குத் தெரிந்தது.

எக்ஸ்இசட்டின் கொல்லைக்கதவு பிடிபட்டது 2024 பிப்ரவரி வெளியீட்டிலிருந்து ஐந்து வாரங்களுக்குள். கிரிப்டோ ஏஜியின் கதவு ஏறக்குறைய அரை நூற்றாண்டு. முதலாவதில் அதிர்ஷ்டத்தின் பங்கும் பெரிது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அரை நொடித் தாமதத்தைச் சந்தேகித்தவரால் ஒருவரிடமும் அனுமதி கேட்காமல் நிரல், பொதி, உருவாக்கும் முறை என்று அடிவரை இறங்க முடிந்தது. மூடிய பொருளை வாங்கியவருக்கு அந்தப் படிக்கட்டு கிடையாது. விற்றவரிடம்தான் கேட்க வேண்டும்.

மூடிய மென்பொருளை ஆராயவே முடியாது என்று சொல்ல வரவில்லை. 2005இல் சோனி பிஎம்ஜி தன் இசைக் குறுந்தகடுகள் வழியாக விண்டோஸ் கணினிகளில் தன்னைத்தானே மறைத்துக்கொள்ளும் நிரலை நிறுவியதை, மூலநிரல் எதுவும் இல்லாமலே ஆராய்ந்து மார்க் ரூசினோவிச் என்ற மென்பொருள் வல்லுநர் அம்பலப்படுத்தினார். அபாரமான திறமையும் நேரமும் உள்ள சிலருக்கு அது முடியும். நல்ல நோக்கத்தோடு மூடிய மென்பொருள் செய்பவர்களும் ஏராளம். வாட்ஸ்அப் மூடியதுதான், ஆனால் 2016 முதல் சிக்னலின் திறந்த நெறிமுறையைக் கொண்டு எல்லோருடைய உரையாடலையும் இரு முனைகளுக்கு இடையே குறியாக்கம் செய்கிறது. டெலிகிராமின் செயலி நிரல் திறந்தது, ஆனால் அதன் சர்வர் நிரல் மூடியது. வழக்கமான உரையாடல்கள் இரு முனைக் குறியாக்கத்தில் போவதுமில்லை. அவற்றுக்கான சாவி நிறுவனத்திடம் இருக்கிறது. செயலி திறந்தது என்ற ஒரே காரணத்துக்காக டெலிகிராமில் அந்தரங்கம் பேசுவது தவறான கணக்கு. வாட்ஸ்அப்பிலும் யார் யாரோடு எப்போது பேசினார் என்ற விவரம் மெட்டா நிறுவனத்தின் பார்வைக்குத் தப்புவதில்லை.

சர்வர் என்று வந்துவிட்டால் திறமூலம் தரும் உறுதி பாதி கரைந்துவிடுகிறது. தொலைவில் யாரோ ஒருவரின் கட்டடத்தில் ஓடுவது வெளியிடப்பட்ட நிரல்தானா என்று நம் வீட்டிலிருந்து சரிபார்க்க வழியில்லை. கொரோனா தொற்றுத் தொடர்பை அறிய 2020 ஏப்ரலில் வந்த ஆரோக்ய சேது செயலியின் ஆண்ட்ராய்டு மூலநிரலை இந்திய அரசு மே 26 அன்று வெளியிட்டது, நல்ல முடிவு. ஆனால் சர்வர் பகுதியின் நிரல் அப்போது வெளியாகவில்லை. சிங்கப்பூர் அதேபோன்ற தன் டிரேஸ்டுகெதர் செயலியின் அடிப்படை நிரலை 2020 ஏப்ரலிலேயே திறந்து வைத்தது. தரவு தொற்றுத் தொடர்பை அறிய மட்டுமே என்று அரசு சொல்லியிருந்தது. 2021 ஜனவரியில், குற்ற விசாரணைக்காகக் காவல்துறை அந்தத் தரவைக் கேட்டுப் பெறலாம் என்று நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. எதிர்ப்பு எழுந்த பிறகு, ஏழு வகைக் கடும் குற்றங்களுக்கு மட்டும் என்று பிப்ரவரியில் சட்டம் வந்தது. நிரலில் ஒரு பொய்யும் இல்லை. தரவை யார் கேட்டுப் பெறலாம் என்பதைத் தீர்மானித்தது சட்டம்.

சர்வரிடம் எதையும் கொடுக்காமலிருப்பதே சிறந்த பாதுகாப்பு என்ற வழிக்குச் சிக்னல் முன்பே வந்திருந்தது. 2016இல் அமெரிக்க நீதிமன்ற ஆணை ஒன்று, ஒரு பயனரைப் பற்றி இருப்பதையெல்லாம் கேட்டது. கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள், இவை இரண்டைத் தவிர அவர்களிடம் கொடுக்க ஒன்றுமில்லை. செய்திகளைச் சர்வர் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யும் வேலை செயலிக்குள் நடக்கிறது; அந்தச் செயலியின் நிரல் திறந்தது, உருவாக்கி ஒப்பிட்டுப் பார்க்கவும் கூடியது. சர்வரில் எந்த நிரல் ஓடினாலும் நம் செய்தி பிழைத்துக்கொள்ளும்.

ஒரு செயலியை நிறுவும் முன் கேட்க வேண்டியவற்றை இதிலிருந்து நீங்களே எடுத்துக்கொள்ளலாம். மூலநிரல் வெளியில் இருக்கிறதா, அதிலிருந்து வெளியார் உருவாக்கிப் பார்த்து ஒத்துப்போகிறதா, சர்வருக்கு என்ன போகிறது, அதைக் கேட்டு வாங்கும் அதிகாரம் யாருக்கு. நம் வரிப்பணத்தில் அரசு உருவாக்கும் ஒவ்வொரு செயலிக்கும் இந்த நான்குக்கும் பகிரங்கமான பதில் வேண்டும் என்று நாம் உரக்கக் கேட்க வேண்டும்.

கணினி படிக்கும் மாணவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். படிக்கும் உரிமை காகிதத்தில் இருந்தால் போதாது, சரிபார்க்க ஆட்கள் வேண்டும். டெபியனின் பொதிகளில் அதிகம் கவனிக்கப்படாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதன் மூலத்தை இறக்கி, உங்கள் கணினியில் உருவாக்கி, அதிகாரபூர்வ பைனரியோடு ஒப்பிடுங்கள். வேறுபாடு எங்கே என்று காட்ட டிஃபோஸ்கோப் என்ற இலவசக் கருவி இருக்கிறது. வேறுபட்டால் எழுதி அனுப்புங்கள். அதைப் பிழையாகப் பதிந்து திருத்துவதற்கென்றே அங்கே ஒரு குழு இருக்கிறது. ஒரு பழைய மடிக்கணினியும் இணையமும் இருந்தால் இந்த வேலையைத் தொடங்கிவிடலாம்.